சும்மா கட்டுமாவடி வரைக்கும்

என் கணவர் சவுதியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், குழாயைத் திறந்தபடியே, "எங்கிட்டாவது கடல் பக்கமாப் போய் உக்காரணும்" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தனக்கு இது வேண்டும் என்று கேட்கிற ஆளில்லை அவர். பதினெட்டு வருஷம் அங்கே டிரெய்லர் ஓட்டியவர். துறைமுகத்தில் சரக்கை ஏற்றிப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை.

"அங்கதான் கடல் இருந்துச்சே?" என்றேன்.

"இருந்துச்சு. மைல் கணக்கா ரோடு கடலை ஒட்டியேதான் போகும். ஒரு நாளும் எறங்கினதில்ல. எறங்கினா லோடு லேட்டாயிரும்."

அன்று சாயங்காலமே எங்கே போவது என்ற பேச்சு ஆரம்பமானது. ராமேஸ்வரம் என்றால் கோயில், வேளாங்கண்ணி என்றால் கூட்டம். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே கடல் இருக்கும்போது எதற்கு வெளியே போக வேண்டும் என்று நான் கட்டுமாவடியைச் சொன்னேன். நாங்கள் இருப்பது இலுப்பூர். மாவட்டத்தின் மேற்கு ஓரம். கட்டுமாவடி கிழக்குக் கடைசி. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் காரில் போய்விட்டுத் திரும்பி வருவது. ராத்தங்கல் இல்லை, கோயில் இல்லை, கல்யாணம் இல்லை. சும்மா போய் வருவது.

அவர் போனில் மேப்பைத் திறந்து, விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"புதுக்கோட்டை, அறந்தாங்கி, கட்டுமாவடி. ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போயிரலாம். முடிஞ்சுது."

"லோடா ஏத்திட்டுப் போறோம்?" என்றேன். "ஆலங்குடி, கீரமங்கலம்னு சுத்திப் போவோங்க."

"அங்கிட்டு எதுக்கு?"

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவ முகாமுக்காக ஆபீஸ் ஜீப்பில் கீரமங்கலம் பக்கம் போயிருக்கிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பூந்தோட்டம். ஒரு வயல் முழுக்கச் செண்டிப்பூ, அடுத்த வயல் முழுக்கச் சம்பங்கி. பின்சீட்டில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜீப் நிற்கவில்லை. முகாமுக்கு நேரமாகிவிட்டது. திரும்பும்போது இருட்டிவிட்டது. அதை அவரிடம் சொன்னேன். மறுபடி போனை எடுத்து, நான் சொன்ன ஊர்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். நீலக்கோடு வளைந்து நீண்டது.

"கூடுதலா முக்கா மணி நேரம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவர் இல்லாதபோது நான் வாங்கியது. இடமாற்றலாகிப் போன சக ஊழியர் ஒருவரின் பழைய வண்டி. மாமனாருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்த காலம் அது. வாடகைக் கார் சொன்ன நேரத்துக்கு வராது. ஒரு நாள் விடிகாலையில் மாமனாரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, வராத காருக்காக வாசலில் நின்றபோதுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர முடிவெடுத்தேன். மாமனார் போய்விட்டார். கார் தங்கிவிட்டது. அதன் பிறகு மகளின் பரீட்சை, உரக்கடை, ஆஸ்பத்திரி, துக்க வீடு என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. காரணமில்லாமல் ஒரு நாளும் அது வாசலைத் தாண்டியதில்லை.

அவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாவியை நீட்டுவேன். "வருஷம் பூராம் ஓட்டிட்டுத்தானே வாரேன், லீவுலயுமா?" என்பார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது வந்து மூன்று மாதமாகியும் பைக்கில்தான் போய் வந்துகொண்டிருந்தார். இந்தப் பயணத்துக்கு யார் ஓட்டுவது என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. நான்தான் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்ன நினைத்திருந்தார் என்று கேட்கவில்லை.

ஆனால் ஏற்பாடு முழுவதையும் அவர்தான் எடுத்துக்கொண்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஸ்டெப்னியைக் கழற்றிக் காற்றுப் பார்த்தார். ஜாக்கி வேலை செய்கிறதா என்று வாசலிலேயே காரைத் தூக்கிப் பார்த்தார். பெரிய கேனில் தண்ணீர், பழைய துணி, கயிறு, டார்ச். டீ குடிக்க நான் ஒரு கடையைச் சொன்னால், "வண்டி நிறுத்த எடம் இருக்குமா?" என்று கேட்டார்.

"கார்தாங்க. புளியமரத்தடியில நிறுத்தினாப் போதும்."

"ஆமால்ல" என்று சிரித்துக்கொண்டார்.

விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேரலாம் என்று ஒரு யோசனை சொன்னார். "நாம பாக்கப் போறோங்க. இருட்டுல எதைப் பாக்குறது?" என்றேன். ஆறு மணி என்று முடிவானது.

எந்த ஞாயிறு என்பதில்தான் இழுத்தது. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. குளங்கள் நிறைந்திருக்க வேண்டும், ஆனால் ரோட்டில் தண்ணீர் ஓடக் கூடாது. அப்படி ஒரு நாள் வேண்டும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்றபடியே விசாரித்தேன். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாத ரோடு கிடையாது. ஒருவர் மகளை நாகுடியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஒருவர் அறந்தாங்கிக்குக் கருவாடு வாங்கப் போகிறவர்.

"வழியில ஒரு பாலத்துகிட்ட வேல நடக்குதும்மா, சுத்தித்தான் போகணும்" என்றார் ஒருவர். உடனே, "அங்கிட்டு யாரு இருக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. சும்மா போறோம்."

"சும்மான்னா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறோம் என்றே முடிவு செய்துவிட்டார். இடம் வாங்கப் போகிறோம் என்று இன்னொரு பேச்சு. சவுதியிலிருந்து வந்தவர் கடலோரத்தில் இறால் பண்ணை போடப் போகிறாராம். கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் போனில் சொன்னபோது, அவளும், "அம்மா, வீட்டுல எதுவும் பிரச்சனையா?" என்று கேட்டாள்.

இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது தோன்றவே இல்லை. காலையில் கிளம்பிக் கட்டுமாவடி போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு பெண் எங்கே பாத்ரூம் போவது? பெட்ரோல் பங்க்கில் இருக்கும் என்றார். பங்க்கில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பூட்டு இருக்கும், சாவி இருக்காது. மேப்பில் எவ்வளவு தேடினாலும் இதற்கு வழி சொல்லாது. வழியில் திருவரங்குளத்தில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. என் கணவருக்கு மூத்தவர். அங்கே இறங்கி முகம் கழுவி, ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நானே சொன்னேன்.

போன் போட்டுச் சொன்னேன்.

"கட்டுமாவடிக்கா? அறந்தாங்கி வழியாத்தானே போவீங்க?"

"ஆமாங்கண்ணி."

"அப்ப நானும் வாரேன். மக வீட்டுல என்னைய எறக்கி விட்டுருங்க. அவளுக்குக் கொஞ்சம் தேங்கா குடுத்துவிடணும், கெடக்கு. காலச் சாப்பாடு இங்கதான், சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருந்தது. "சும்மா போறதுன்னு சொன்னோம். இப்ப லோடு ஏத்தியாச்சு" என்றார்.

கார்த்திகை பிறந்து, மழை விட்டு, தொடர்ந்து வெயில் அடித்த வாரம் கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னவாசல் தாண்டும்வரை ரோட்டோரத்துப் புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. எங்கள் பக்கம் பாறையும் செம்மண்ணும் தைலமரக் காடும்தான். வருஷத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கும். மழைக்குப் பிறகு அந்தக் காய்ந்த பூமி முழுக்கப் பச்சை பூசியிருந்தது. சித்தன்னவாசல் மலை தெரிகிற இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். மேலே ஏறுகிற நேரமில்லை. பாறையின் மேல் வெயில் இறங்கி வருவதைக் கீழே நின்றே பார்த்தோம். வரப்பில் இரண்டு மயில்கள் நின்றன. அவர் இறங்கி, காரைச் சுற்றி வந்து நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் மலையைப் பார்த்தார்.

"சின்னப் புள்ளையில ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் இப்பத்தான் நின்னு பாக்குறேன்" என்றார்.

திருவரங்குளத்தில் நாத்தனார் புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வாசலிலேயே நின்றார். "கொஞ்சம் தேங்காய்" என்றது ஒரு மூட்டையும் ஒரு பையும். அதோடு ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு தூக்குச்சட்டியில் நெய். இட்லியும் கோழிக்குழம்பும் இலை போட்டுப் பரிமாறினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் போட்டுக்கொண்டே இருந்தார். மூட்டையை டிக்கியில் ஏற்றி, மூடி, நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"ஏத்தா, நீயா ஓட்டுற?" என்றார் நாத்தனார்.

"ஆமாங்கண்ணி. இலுப்பூர்ல இருந்து நான்தான் ஓட்டிட்டு வாரேன்."

"அது சரி. வெளிநாட்டுல அம்மாம்பெரிய லாரி ஓட்டுனவன் ஒக்காந்துக்கிட்டு வர, பொம்பள ஓட்டிட்டுப் போனா பாக்குறவுக என்ன சொல்லுவாக? தம்பி, நீ ஓட்டுப்பா."

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆலங்குடி வரைக்கும் நன்றாகவே ஓட்டினார். முன்னால் ஒரு செங்கல் லாரி போய்க்கொண்டிருந்தது. அதை முந்தவே இல்லை. அதன் பின்னாலேயே அது போகிற வேகத்தில் போனார். இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. நாத்தனார் பின்சீட்டிலிருந்து, யார் காடு எது, எந்தக் காட்டுக்கு எந்த வழக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். "முந்தித்தான் போயேன் தம்பி, தூசி அடிக்குது" என்றார் ஒரு முறை. "போவோம்க்கா" என்றார். முந்தவில்லை.

கீரமங்கலம் நெருங்கும்போது நான் நினைவில் வைத்திருந்த தோட்டங்கள் வந்தன. முன்பு அடித்த பெரும்புயலில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே செண்டிப்பூ. நான் சொன்னதும் நிறுத்தினார். ஒரு டீக்கடையும் இருந்தது. டீ குடித்தோம். தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் நாத்தனார் பேச்சுக் கொடுத்து, மடி நிறையச் சம்பங்கி வாங்கி வந்தார். நான் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தேன். பல வருஷமாக ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதிகம் போனால் பத்து நிமிஷம்.

மறுபடி கிளம்பினோம். ரோடு காலியாக இருந்தது. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. நான் என் பக்க ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டம் இருக்க வேண்டிய இடத்தைவிடத் தள்ளித் தள்ளிப் போவதுபோல இருந்தது. எனக்கும் பூவுக்கும் நடுவில் இவ்வளவு தார் ரோடு ஏன் இருக்கிறது என்று மனசில் ஓடியது. புரிவதற்குள் வளைவில் பஸ் வந்துவிட்டது.

ஹாரன் காதைக் கிழித்தது. "தம்பீ!" என்று நாத்தனார் அலறினார். என் கணவர் ஸ்டீயரிங்கை வலது பக்கமே இன்னும் ஒடித்தார். கார் ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்கால் ஓரச் சேற்றில் முன்சக்கரம் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பஸ் எங்களை உரசாமல் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்சீட்டு முழுக்கச் சம்பங்கி. மூட்டை அவிழ்ந்து டிக்கிக்குள் தேங்காய்கள் உருண்டு இடிக்கிற சத்தம் கேட்டது.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், எந்தப் பக்கம்யா வர்ற? குடிச்சிருக்கியா?" என்று கத்தினார்.

என் கணவர் இறங்கினார். வேட்டி முழங்கால்வரை சேறாகிவிட்டது. பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "தப்புத்தாங்க. எம்மேலதான் தப்பு" என்றார். பஸ் டிரைவர் மேலும் ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். பூ எடுத்த பெண்களும் ஓடிவந்தார்கள். என் கணவர் எடுத்து வைத்திருந்த கயிறு அப்போது உதவியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக் காரை ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை. பம்பரின் ஓரம் மட்டும் பிளந்திருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நாத்தனார், "எவ கண்ணு பட்டுச்சோ" என்று ஆரம்பித்தார்.

"கண்ணு இல்லக்கா" என்றார் அவர். காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "அங்க எல்லாம் வலது பக்கந்தான் ஓட்டணும். பதினெட்டு வருஷம் அப்படியே ஓட்டியாச்சு. முன்னால ஒரு வண்டி போனா அதைப் பாத்துப் போயிருவேன். ரோடு காலியாக் கெடந்தா கை தானா அங்கிட்டுப் போயிருது." என்னைப் பார்க்காமலே சொன்னார்: "லீவுல வர்றப்ப எல்லாம் அதுக்குத்தான் தொடுறதில்ல."

அத்தனை வருஷமும் அவர் அலுப்பில்தான் ஓட்டவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு முறை, கூடப் படுத்த நேரத்திலோ சாப்பிடுகிற நேரத்திலோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டிரைவர் என்றுதான் அவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்னையும் டிரைவர் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, அதுவும் பிந்தித்தான் வந்தது. சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் பின்பக்கம் போய் நாத்தனாருக்குப் பக்கத்தில், பூக்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அறந்தாங்கி வரைக்கும் நான் ஓட்டினேன். தன் மகள் வீட்டு வாசலில் இறங்கிய நாத்தனார், என் கணவர் மூட்டையை உள்ளே கொண்டுபோன நேரம் பார்த்து என் ஜன்னலில் குனிந்தார்.

"ஏத்தா, நீயே ஓட்டு. நாந்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம சொல்லிட்டேன். இதை நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

திரும்பிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். முன்சீட்டுக்கு மாறி, சேறு காய்ந்த வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். "இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் கடலைப் பாக்காமப் போறதா? போ" என்றார்.

நாகுடியை நோக்கிப் போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வந்தது. எங்கள் பக்கத்துப் பாறை, செம்மண் எதுவும் இல்லை. கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயல்கள். நட்ட நாற்று பச்சை பிடித்து நின்றது. கொக்குகள் கூட்டமாக இறங்கின. அவர் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டார். காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடக்கும்போது போன் அடித்தது. மகள்.

"அம்மா, அப்பா காரை வாய்க்கால்ல எறக்கிட்டாராமே? அடி ஏதும் இல்லையே?"

நாத்தனாரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் கணவர் போனை வாங்கி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். வாய்க்கால்ல தண்ணி கம்மிதான்" என்று மகளிடம் சொன்னார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

கட்டுமாவடிக் கடலில் அலை இல்லை. எனக்கு அது தெரியாது. கடல் என்றால் இரைச்சலாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். இது எங்கள் ஊர்ப் பெரிய குளத்தைப்போலக் கிடந்தது, அக்கரை மட்டும் இல்லை. படகுகள் சேற்றோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காலை ஏலம் எப்போதோ முடிந்துவிட்டது. நிழலில் இரண்டு பேர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து, "மீனுங்களா? இப்ப வந்திருக்கீங்க, நல்லதெல்லாம் போயிருச்சே" என்றார்.

"மீனுக்கு இல்லைங்க. கடல் பாக்க வந்தோம்" என்றேன்.

"இதையா?" என்று அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார். அதில் புதிதாக ஏதும் இருக்கிறதா என்று தேடுவதுபோல இருந்தது. பிறகு சிரித்து, காலியாக இருந்த இரண்டு மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். "ஒக்காருங்க. வெயிலா இருக்கு, இங்கிட்டு நிழல்ல போட்டுக்கங்க."

உட்கார்ந்தோம். என் கணவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டினார். மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து அடித்தது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.

"அங்க போன புதுசுல இதே கதைதான்" என்றார். "வண்டியை எடுத்தா இடது பக்கமே போகும். கூட ஒரு கேரளாக்காரர் வருவார். பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, 'வலது, வலது'ன்னு சொல்லிக்கிட்டே வருவார். ரெண்டு மாசம் சொன்னார். அப்புறம்தான் கை கேட்டுச்சு. எனக்கு வெக்கமா இருக்கும். அவர் சின்னப் பையன் என்னைய விட."

"அப்ப நான் சொல்றேன்" என்றேன். "இடது, இடதுன்னு."

"நீ சொல்லுவ. ஒனக்குச் சந்தோஷமா இருக்கும்."

"ஆமா, இருக்கும்."

வெயில் சாயத் தொடங்கியபோது எழுந்தோம். அந்த அம்மாளிடம், காலில் கயிறு கட்டிய நண்டு வாங்கிக்கொண்டோம். கடற்கரைச் சாலையைத் தாண்டி உள்ளே வந்ததும் காரை நிறுத்தி இறங்கி, அவரை மாறி உட்காரச் சொன்னேன். அவர் யோசித்தார். ரோடு நேராக, காலியாக, வயலுக்கு நடுவில் கிடந்தது. பிறகு உட்கார்ந்தார். எடுத்த உடனே கார் வலது பக்கம் ஒதுங்கியது. "இடது" என்றேன். வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நகர்ந்தது. "இடது." ஒரு சைக்கிள்காரரைத் தாண்டிய பிறகு, "இடது."

"தெரியுது தெரியுது" என்றார் கோபமாக.

"தெரிஞ்சாலும் சொல்லுவேன்."

நாகுடி வரைக்கும் ஓட்டினார். அங்கே அவராகவே ஓரம் கட்டி நிறுத்தி இறங்கிக்கொண்டார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மீதி தூரம் நான்தான் ஓட்டினேன். திரும்பும்போது கீரமங்கலம் சுற்றவில்லை. அறந்தாங்கி, புதுக்கோட்டை என்று நேர் ரோட்டிலேயே வந்தோம். புதுக்கோட்டைக்கு முன்னாலேயே அவர் வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அன்னவாசல்வரை இருவரும் போய்வர ஆரம்பித்தோம். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன். பொங்கலுக்குள் நான் சொல்வது குறைந்துவிட்டது. இப்போது இலுப்பூருக்குள்ளும் அன்னவாசலுக்கும் தனியாகவே போய் வருகிறார். திருச்சிக்கு இன்னும் நான்தான்.

கட்டுமாவடியிலிருந்து அன்று வீடு வந்து சேர்ந்தபோது நன்றாகப் பசித்தது. நண்டை யார் ஆய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் லுங்கிக்கு மாறி, கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து ஓட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கை வேகமாகப் போனது. மிளகும் சீரகமும் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சவுதியில் அவர் இருந்த அறையில் ஆறு பேருக்கு முறை வைத்துச் சமைப்பார்களாம். வெள்ளிக்கிழமை இவர் முறையாம். இதுவும் எனக்குத் தெரியாது. அடுப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் தாளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.